பேலன்ஸ் உள்ள ஒயர்

ரஞ்சிதத்தின் கேசட் ஆடி பிறந்த வாரத்தில் வந்தது. எழுபதாம் வருஷம் வேலை பெர்மிட் கிடைக்காமல் புருஷனோடு கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே கப்பலேறிய தங்கச்சி, எழுதத் தெரியாது. பதிமூணு வருஷம் கழித்து அவள் குரலைக் கேட்கப் போகிறோம் என்று திலகத்துக்கு அன்றைக்குக் கொழுந்து கிள்ளவே கை ஓடவில்லை.

கேட்டாளா? எங்கே! புருஷன் பக்கிரிசாமி தேயிலை ஆலையில் மோட்டார் பார்க்கும் ஃபிட்டர். எஸ்டேட் லைன் வீட்டில் பாதி இடத்தை அவனுடைய செட்டுதான் அடைத்திருந்தது: டெக், ஆம்ப்ளிஃபையர், இடுப்புயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர். கேசட்டைப் போட்டதும் 'ங்ஙொம்' என்று ஓர் இரைச்சல். அதற்கடியில் எங்கேயோ "அக்கா... நா..." அவ்வளவுதான்.

"ஒயர் கோளாறு. இரைச்சலப் பிடிச்சு உள்ள விடுது. நான் பாத்துக்கிறேன் லா."

"நீலாவதி வீட்டு கேசட் ரேடியோவுல போட்டுப் பாப்பமே?"

"பக்கத்து வீட்டு டப்பாவுலயா? நாடா சிக்கிக்கிட்டா உன் தங்கச்சி குரலே போச்சு, பாத்துக்க!"

அந்த ஒரு மிரட்டலுக்குப் பயந்து அவள் கேசட்டை அவனிடமே விட்டாள்.

லீவு போட்டுவிட்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினான். கடைக்காரச் சீனர் கேட்டாராம்: பேலன்ஸா, அன்பேலன்ஸா? இவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அன்பேலன்ஸ் என்றால் என்னவென்று எஸ்டேட்டுக்காரனுக்கா சொல்லித் தரணும்? கங்காணி கொழுந்தைக் குறைத்து நிறுக்கிற தராசுதான்! அதைப் போய் வீட்டுக்கு வாங்கி வருவானா ஒருத்தன்?

"பேலன்ஸ் ஒயர்ல மூணு ஊசி. ஒரே பாட்டு ரெண்டு கம்பியில நேரும் தலைகீழுமா போவுது. வழியில ஒட்டுன இரைச்சல் கடைசியில ஒண்ணையொண்ணு அடிச்சு விழுந்துரும்," என்று திலகத்துக்குப் பாடம் எடுத்தான். கடைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மண்டபத்தில் நீளமாய் இழுக்கிறவனுக்குத்தான் இது, வீட்டில் முழ நீளத்துக்குச் சாதா ஒயரே போதும், மூணு ஊசி வேண்டுமானால் ரெண்டு பக்கச் செட்டும் அதே ஜாதியாய் இருக்கணும் என்று. வியாபாரம் தெரியாத மனுஷன் என்று பக்கிரிசாமி அவருக்காகப் பரிதாபப்பட்டான்.

வீட்டுச் செட்டில் இருந்ததோ ஒத்தை ஊசி ஓட்டை. விடுவானா? மூணு ஊசித் தலையை வெட்டியெறிந்தான், பழைய தலையை ஈயம் வைத்துப் பற்றவைத்தான், மிஞ்சிய கம்பியை எர்த் கம்பியோடு முறுக்கிவிட்டான். அதாவது, ஈப்போ வரைக்கும் போய் வாங்கி வந்த பேலன்ஸைத் தன் கையாலேயே அன்பேலன்ஸ் ஆக்கினான். இரைச்சல் அப்படியே இருந்தது.

"பாட்டுக் கேசட்டுல இந்தச் சத்தம் வரலையே?"

"மேளத்துல அமுங்கிருதுடி. உனக்கென்ன தெரியும்?"

செட்டு துண்டு துண்டாய்க் கழன்று கட்டில் வரைக்கும் பரவியது. ஆவணியும் பிறந்தது. ஒரு நாள் அவன் ஆலைக்குப் போன நேரம் பார்த்து, திலகம் கேசட்டை மடியில் செருகிக்கொண்டு நீலாவதி வீட்டுக்குப் போனாள்.

அந்தச் சின்ன ரேடியோவுக்குக் கனத்த இரைச்சலை எழுப்பத் தொண்டை ஏது? லேசாய் ஒரு முனகல். அதற்கு மேல் ரஞ்சிதம் எதிரே உட்கார்ந்த மாதிரிப் பேசினாள்.

"அக்கா, நான் ரஞ்சிதம். மில்லு மோட்டார் பக்கத்துல உக்காந்து பேசுறேன், சத்தமா இருக்கும். மச்சான்கிட்ட முன்னாடியே சொல்லிரு, இல்லேன்னா செட்டக் கழட்டிப் போட்டுருவாரு."

நீலாவதி களுக்கென்று சிரித்தாள். திலகத்துக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு.

"நம்ம செல்லத்துக்கு ஆவணி பத்தாந்தேதி கல்யாணம். உன்னால வரமுடியாதுன்னு தெரியும். புள்ளைக்கு ரெண்டு வார்த்த வாழ்த்திப் பேசி அனுப்பு, தாலி கட்டுறப்போ போடணும். பெரியம்மா குரலாச்சும் இருக்கட்டும்."

அன்றைக்குத் தேதி ஆவணி பன்னிரண்டு.

"பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் திலகம்.

சாயங்காலம் பக்கிரிசாமியும் அதே ரேடியோவில் கேட்டான். ரெண்டாம் தடவையும் கேட்டான். பிறகு மெல்ல, "நம்ம செட்டுலயே பேசி அனுப்புவம். ஈப்போவுல மூணு ஊசி மைக் பாத்தேன், சுத்தமா பதியும்..." என்று ஆரம்பித்தான்.

திலகம் அவனை முடிக்கவிடவில்லை. நீலாவதியின் ரேடியோவில் புதுக் கேசட்டைப் போட்டு, பதிவுக் கட்டையை அமுக்கினாள்.

"ரஞ்சிதம், உன் மக நல்லாருக்கணும். வாழ்த்து லேட்டாயிருச்சு. நீ சொன்னது என் காதுல விழுறதுக்குள்ள மச்சான் செட்டக் கழட்டிட்டாரு. ஏன் லேட்டுன்னு அவரே சொல்லுவாரு."

ரேடியோவை அவன் முன்னால் நகர்த்தினாள். பக்கிரிசாமி தொண்டையைச் செருமினான். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. கீழே ஆலையில் அவன் பார்த்துக்கொள்ளும் மோட்டாரின் இரைச்சல் மட்டும் பதிந்துகொண்டிருந்தது.