இன்ஸ்பெக்டர் ஸ்தாமெனின் நாலாவது வழக்கு

இன்ஸ்பெக்டர் ஸ்தாமென் கராஜோவ் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாரடைப்பில் செத்துப்போனார். மூன்று வழக்குகள் நிலுவையில் இருந்ததால் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் வேலைக்கு வந்தார். பல்கேரியாவின் லிபோவெட்ஸ் ஊரில், 1937 நவம்பரில், முட்டைக்கோஸ் விலை ஏறிய வாரம் அது. ஸ்டேஷன் கதவில் அவர் மனைவி வெலிகா ஒட்டச் சொல்லியிருந்த மரண அறிவிப்பை நின்று நிதானமாகப் படித்தார். வயது ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்ததை ஐம்பத்தொன்று என்று திருத்திவிட்டு உள்ளே போனார். டாக்டர் வந்து சோதித்து, நாடி இல்லை, மற்றபடி முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷன் அதிகாரி மிஹோவ் சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். வழக்கை முடிக்க இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததே தவிர, அவர் உயிரோடிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பாதிரியார் மட்டும் கறாராக இருந்தார். செத்தவனுக்கு நாற்பது நாள்தான் தவணை, பாக்கி வேலை இல்லாவிட்டால் நாற்பதாம் நாள் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்றார். வாங்கிய சவப்பெட்டியில் வெலிகா வெங்காயம் கொட்டி வைத்தாள்.

உயிரோடிருந்த காலத்தில் ஸ்தாமென் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்று வழக்குகளையும் ஒரே மண்டையில் போட்டுக் கலக்கி, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அலைந்தவர். பிளம் சாராயத் தொட்டிக்குள் செத்துக் கிடந்த தகரக்கடைக்காரன் நைதெனின் வழக்கு, தேவாலய மணி காணாமல்போன வழக்கு, ரோஜா எண்ணெய் வடிக்கும் ஆலையில் ஒரு செம்புக்குடம் எண்ணெய் களவுபோன வழக்கு. மணியைப் பற்றிக் கேட்க வேண்டியதை ஆலைக்காரரிடம் கேட்பார். பிணத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதைத் தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் கேட்பார். ஆறு வருஷத்துக்கு முன் வேறொரு வழக்கின் குழப்பத்தில், சாப்பாட்டு மேஜையில் வெலிகாவைப் பார்த்து, வியாழக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை எங்கே இருந்தாய் என்று கேட்டுவிட்டார். பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இருக்கிறது என்றாள் வெலிகா. அந்த உரிமையை ஆறு வருஷம் ஒரு நாள்கூட விடாமல் பயன்படுத்தினாள்.

புருஷன் செத்த அன்று சாயங்காலம்தான் அவள் வாய் திறந்தது. இறந்தவர்களிடம் பேசுவது அந்த ஊர் வழக்கம். கல்லறையில் கொஞ்சம் ஒயினை ஊற்றி, அவித்த கோதுமையை வைத்து, வீட்டு விவகாரமெல்லாம் சொல்வார்கள். வெலிகாவுக்குக் கல்லறைவரை நடக்கிற வேலை மிச்சம். அடுப்படியில் அவர் எதிரே உட்கார்ந்து, அவர் செருப்பு நுனியில் இரண்டு சொட்டு ஒயின் விட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏன் மனுஷா, சாகறதுக்கு முன்னாடி சட்டையாவது மாத்தியிருக்கக் கூடாதா? ஊரே வந்து பாக்குது. காலர்ல பீட்ரூட் கறை."

அப்புறம் ஆறு வருஷத்துப் பேச்சு மொத்தமும் வந்தது. அந்த வியாழக்கிழமை எங்கேதான் போயிருந்தாள் என்ற கேள்வி ஸ்தாமெனின் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஊராரும் அப்படியே வந்தார்கள். செத்தவனிடம் சொன்னால் சாட்சியாகாது என்று நினைத்துவிட்டார்கள், அதுதான் தப்பு. ஒன்பதாம் நாள் நைதெனின் மைத்துனன் அவித்த கோதுமையோடு வந்து, மேஜைக்கடியில் ஒயினை ஊற்றிவிட்டு, "அண்ணே, தள்ளிவிட்டது நான்தான். ஆனா தொட்டி அவ்வளவு ஆழம்னு சத்தியமா தெரியாது," என்று சொல்லி மனம் லேசாகி எழுந்தான், வாசலில் கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார். இருபதாம் நாள் கோயில்பிள்ளை வந்து, விடியற்காலையில் மணியடிக்க எழுந்து எழுந்து இடுப்பே போய்விட்டதென்றும், மணியைச் சோளக்குதிருக்குள் புதைத்துவிட்டதாகவும் அழுதான்.

ஒவ்வொரு வழக்கு முடிந்தபோதும் ஸ்தாமென் கொஞ்சம் குறைந்தார். கொலை வழக்கில் கையெழுத்துப் போட்ட மறுநாள் பனியில் அவர் நடந்த தடம் விழவில்லை. மணி கிடைத்த அன்று விளக்கு வெளிச்சம் அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு சுவரில் விழுந்தது. மூன்றாவதையும் முடித்தால் தான் இருக்க மாட்டோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எண்ணெயை எடுத்தது ஆலை முதலாளியேதான் என்று இருபத்தைந்தாம் நாளே தெரியும். அந்த மனிதரே வந்து ஒயின் ஊற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் ஸ்தாமென் எழுதவில்லை. பேனாவில் மை இல்லை என்றார், அப்புறம் மை உறைந்துவிட்டது என்றார். வெலிகா அப்போதுதான் தன் சின்ன வயசுக் கதைக்கு வந்திருந்தாள்.

ஆனால் அந்தத் திருட்டுக்காக ஆலைக்குப் பூப்பறித்த தென்கா என்ற பெண் மூன்று மாதமாக லாக்கப்பில் கிடந்தாள். அவளுடைய அம்மா தினமும் முட்டைக்கோஸ் சூப் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல், இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போவாள். அந்த வணக்கம்தான் அவரை அறுத்தது. முப்பத்தொன்பதாம் நாள் முதலாளியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தென்கா வீட்டுக்குப் போனாள். ஸ்தாமென் நிழலே இல்லாமல் வீடு வந்து, நாளைக்கு நான் கிளம்பணும் என்று சொன்னார். குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. வெலிகா பதில் சொல்லவில்லை. சட்டியைக் கழுவினாள், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று நினைத்து அவர் விடியும்வரை உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார். செத்தபோதுகூட நெஞ்சு அப்படி வலிக்கவில்லை.

நாற்பதாம் நாள் காலை ஸ்டேஷனில் பாதிரியார் தூபத்தோடு தயாராக இருந்தார். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்ததுபோல ஸ்தாமென் நாற்காலியில் தெரிந்தும் தெரியாமலும் இருந்தார். அப்போது வெலிகா ஞாயிற்றுக்கிழமை உடையில் உள்ளே வந்து, முன்பின் தெரியாதவள்போல் மேஜைக்கு முன் நின்றாள்.

"ஐயா, ஒரு திருட்டுப் புகார் குடுக்கணும். மிஹோவ் ஐயாவோட ஆட்டுத்தோல் தொப்பியக் காணோம்."

மிஹோவ் தலையைத் தடவிப் பார்த்தார். வெளியே ஆணியைப் போய்ப் பார்த்தார். தொப்பி இல்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குதாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குரல் இந்த அறையிலேயே கேட்டது.

"அதைக் கண்டுபிடிக்கிறது உங்க வேலை. அவசரமே இல்லை. எத்தனை வருஷமானாலும் சரி, நல்லா நிதானமா விசாரிங்க."

அவர் புதுக் கோப்பு ஒன்றை எடுத்துப் பெயர் எழுதினார். கோட்டுக்குப் பின்னால் சுவர் மறைந்தது. பாதிரியார் தூபத்தை ஊதி அணைத்துவிட்டு, பாக்கி வேலை இருக்கிறது, என்ன செய்வது என்று சொல்லிக் கிளம்பினார். அன்று சாயங்காலம் ஸ்தாமென் பனியில் ஆழமாகத் தடம் பதித்து வீட்டுக்கு நடந்தார். அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஆட்டுத்தோல் தொப்பி தொங்கியது. அடுத்த ஆணியில் தன் கோட்டை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். வெலிகா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

பின்னால் வந்த மற்ற வழக்குகளை அவர் வரிசையாக முடித்தார். இது மட்டும் பிடிபடவே இல்லை. மிஹோவ் ஓய்வுபெற்றார், புதுத் தொப்பி வாங்கினார், யுத்தம் வந்தது, போனது, அரசர் போனார், ஸ்டேஷனுக்கு வேறு கொடி வந்தது. அந்துப்பூச்சி அரித்த இடங்களை வெலிகா தைத்துத் தைத்துத் தொப்பியில் பாதி நூலாகிவிட்டது. 1951-இல் தலைநகர் சோஃபியாவிலிருந்து பழைய கோப்புகளைத் தணிக்கை செய்ய ஓர் அதிகாரி வந்தார். பதினாலு வருஷமாக ஒரு தொப்பி கிடைக்காததை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே போனார். அடுப்படியில் தொப்பியைப் பார்த்தார். நாடியில்லாத மனிதரைப் பார்த்தார். முட்டைக்கோஸைச் சீவிக்கொண்டே ஓயாமல் பேசிய கிழவியையும், ஒரு சொல் சிந்தாமல் கேட்டுக்கொண்டிருந்த அவரையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தொப்பியை மூன்றாவது ஆணியில் மாட்டி, வெலிகா கொடுத்த பிளம் சாராயத்தை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, வழக்குக் கோப்பை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: தடயம் எதுவும் இல்லை, இதே அதிகாரி விசாரணையைத் தொடரலாம்.