சலவைக்கடைச் சீட்டுகள்

இரண்டரை மணி நேரமா? அன்றைக்கு என் துணி அலசி முடிவதற்குள் இவர் கீழே இறங்கி வந்துவிட்டாரே.

அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வக்கீலிடம் கேட்டு வாங்கிய விவரப் பில்லைப் புது வீட்டுச் சமையல் மேடையில் விரித்து வைத்திருந்தாள். பணம் கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஐந்து சனிக்கிழமைகள் ஆலோசனை, ஒவ்வொன்றும் பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை. மேடைக்கு அடியில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. துவைக்கும் மிஷினுக்கென்று குழாயும் பிளக்கும் பொருத்தி விட்டிருந்த இடம். மிஷினுக்கு எடுத்து வைத்திருந்த தொகைதான் வக்கீல் கட்டணத்தில் கரைந்துபோனது. வீட்டில் வேறு குறை எதுவும் இல்லை. காலையில் அந்த மேடையில் வெயில் விழும்போதெல்லாம், இது நம்முடையது என்று அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். மூலையைப் பார்த்தால் மட்டும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

வாடகை அறையில் இருந்தபோது சனிக்கிழமை என்றால் சலவைக்கடைதான். அதே கட்டடத்தின் மாடியில்தான் வீடு வாங்கும் பத்திரங்களைப் பார்த்த வக்கீல். அவர் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததுமே அவள் கணவன் விழுந்துவிட்டான். கண்காணாத நாட்டில் 'அண்ணே' என்று கூப்பிட ஒருவர் கிடைத்ததே அவனுக்குப் பெரிய விஷயம். அண்ணனிடம் போய்க் கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்குவதாவது. "ரெண்டு பேரும் எதுக்கு? நீ துணியைப் பாரு" என்று சொல்லிவிட்டு மாடியேறுவான். துணி அலசி முடிகிற நேரத்துக்குச் சரியாக இறங்கி வருவான். கனத்த ஈரத்துணியை அள்ளி உலர்த்தும் மிஷினில் போடுவதும், தன் அட்டையை அதில் தேய்ப்பதும் அவன் வேலை. அதற்கு ஒரு சீட்டு வரும். பத்துச் சீட்டு சேர்ந்தால் ஒரு துவைப்பு இலவசம்.

அவளிடம் ஒன்பது இருந்தன; புது வீட்டுக்கு வந்த பிறகு கையாலேயே துவைப்பதால் பத்தாவது சேரவில்லை. இழுப்பறையிலிருந்து எடுத்து பில்லுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். முதல் சனிக்கிழமை, பத்து நாற்பத்தொன்று, அவன் அட்டை எண். அடுத்த சனிக்கிழமை, பத்து முப்பத்தெட்டு. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாளெல்லாம் பிறருக்கு நேரம் கொடுக்கிறவள் அவள். யாருடைய நேரம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"இன்னுமா இதையெல்லாம் வச்சிருக்க? சீட்டுக் கம்பெனி நடத்துறியா?" என்றான் கணவன்.

அவள் காட்டினாள். அவன் சிரிப்பு அடங்கியது.

"அண்ணன் அப்படிச் செய்யமாட்டாரு. ஏதாவது தப்பு நடந்திருக்கும்."

"நடந்திருக்கும். அஞ்சு தடவையும் ஒரே தப்பு."

"ஒரு மிஷினுக்காக மனுஷனைப் பகைச்சுக்கணுமா?"

"பகை எதுக்கு? கேக்கப்போறேன், அவ்வளவுதான். பல் புடுங்கிட்டு வாயில பஞ்சோட நிக்கிறவங்ககூட பில்லைத் திருப்பிப் பாத்துட்டுதான் போறாங்க."

திருப்பிப் பார்த்ததால்தான் பில்லின் பின்பக்கம் அச்சிட்டிருந்த குறிப்பு அவள் கண்ணில் பட்டது. கட்டணத்தில் புகார் இருந்தால் ஆறு மாதத்துக்குள் வக்கீல் சங்கத்தின் கட்டணப் பிரிவுக்கு எழுதலாம். சீட்டுகளை நகல் எடுத்து, வக்கீலுக்கு ஒன்றும் சங்கத்துக்கு ஒன்றுமாகக் கடிதம் அனுப்பினாள். அல்பமாக இருக்கிறோமோ என்று இரண்டு நாள் மனசு குடைந்தது. மூன்றாம் நாள் தானாகவே விட்டுவிட்டது. 'விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது' என்று சங்கத்திலிருந்து பதில் வந்த மறுநாளே வக்கீல் போன் செய்து கூப்பிட்டார்.

சனிக்கிழமை, போகிறதுதான் போகிறோம் என்று துணியையும் கொண்டுபோய்க் கீழே சலவைக்கடை மிஷினில் போட்டுவிட்டு இருவரும் மாடியேறினார்கள். அவளுக்கு இதுதான் முதல் தடவை. பெரிய இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு மேஜை, தோல் கிழிந்த நாற்காலி, தண்ணீர் காணாத செடி. கீழே சுற்றும் மிஷின்களின் அதிர்வு செருப்புக்கடியில் தெரிந்தது.

"வா தங்கச்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கடுதாசியெல்லாம் நமக்குள்ள எதுக்கு?"

"சொல்லத்தான் சார் எழுதினேன்."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். "வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அதனால ரெண்டு கையெழுத்தும் வேணும். பாதியைத் திருப்பிக் குடுத்துடறேன். அந்தச் சீட்டெல்லாம் கொண்டுவந்திருந்தா இங்கயே வச்சிடும்மா."

ஆலோசனை நேரங்கள் பில்லில் கண்டபடி சரியானவை, நல்லெண்ணத்தின் பேரில் பாதித்தொகை தரப்படுகிறது, புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்று இருந்தது தாளில். கணவன் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான். "நீ மொதல்ல போடு" என்றான் மெதுவாக.

அவள் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பில்லின்படி பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரையும் அவன் இந்த மாடியில்தான். அந்த நேரத்தில் அவன் கீழே அவளுக்கு எதிரே நின்று படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கையில் மற்ற இரண்டு முனைகள். நெருங்கி வந்து மடிப்பார்கள், விலகி உதறுவார்கள். எந்த அறைக்கு என்ன நிறம், கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று அத்தனை பேச்சும் அங்கேதான். வீட்டை அவர்கள் வாங்கியதே அந்த நேரங்களில்தான் என்று இப்போது தோன்றியது. இதில் கையெழுத்துப் போட்டால் அவன் அங்கே இல்லை என்றாகிவிடும்.

தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்னம்மா, பத்தலையா? சரி, முக்கால்வாசியா ஆக்கிடறேன்."

முக்கால் என்றால் மிஷின் வந்துவிடும். மூலை நிறைந்துவிடும். அவள் அதைக் கண்முன்னே கொண்டுவந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"வேண்டாம் சார். சங்கத்துல எவ்வளவு சொல்றாங்களோ அது வரட்டும். இதுல போட்டிருக்கிற நேரம் சரியில்ல. நான் கையெழுத்துப் போடல."

கணவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"சரி, அந்தச் சீட்டையாவது குடுத்துட்டுப் போ தங்கச்சி. உனக்கு அது எதுக்கு?"

காலடியில் அதிர்வு நின்றிருந்தது. துணி அலசி முடிந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்ல சார், தர்றதுக்கில்ல. பத்தாவது இன்னைக்குத்தான் வரப்போவுது."