ஒஸ்வால்டின் பாஸ்வேர்ட்

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பாரிசிலிருந்து பேர்னாட் போன் எடுத்தான். அவன் என் கணவர் ஒஸ்வால்டின் தம்பி. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பான்.

"அண்ணி, அண்ணன் மெயில் போட்டிருக்கிறான்!"

நான் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. துப்பிவிட்டு, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். தேங்காய் என்ன விலை என்று கேட்பது போலத்தான் என் குரல் இருந்தது. எனக்கே வெட்கமாகப் போனது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் விறைத்துக்கிடக்குமே, பதினான்கு மாதமாக நான் முழுக்க அப்படித்தான். அழுது, கத்தி, மண்டையைச் சுவரில் இடித்ததெல்லாம் முதல் மூன்று மாதத்தோடு முடிந்துவிட்டது.

"இந்தப் படத்திலை இருக்கிறது நீயா எண்டு இங்கிலீசிலை கேட்டிருக்கிறான். படம் ஒண்டும் வச்சிருக்கிறான், திறக்குதில்லை. அவன்ட அட்ரஸ்தான் அண்ணி, அவன்ட அட்ரஸேதான்." பேர்னாட் விக்கி விக்கி அழுதான்.

கொம்பியூட்டரைப் போட்டேன். எனக்கும் வந்திருந்தது. அனுப்புநர்: ஒஸ்வால்ட் சவுந்தரநாயகம். கீழே அதே ஒற்றை வரி. படத்தின் மேல் அமத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமத்தினேன். ஏழு தரம் அமத்தினேன். தெரியாத கோப்புகளைத் திறக்கக் கூடாது என்று என் அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். இது தெரியாத ஆள் அனுப்பியதில்லையே! பதினெட்டு வருஷம் எனக்குப் பக்கத்தில் குறட்டை விட்ட ஆள்.

ஒஸ்வால்டை 2007 மார்ச்சில் கொட்டாஞ்சேனையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். துறைமுகத்தில் கிளார்க் வேலை. பஸ்சுக்கு நின்றவரை ஒரு வெள்ளை வானில் ஏற்றியதை நாலு பேர் பார்த்தார்கள். விசாரணை என்றதும் அந்த நாலு பேருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரர், "தங்கச்சி, குறை நினைக்காதீங்க, எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கு" என்றார். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தேன். பழைய தொலைபேசி இலக்கமும் அதோடு போயிற்று.

அதனால்தான் அவருடைய மெயில் கணக்கில் நான் எதையும் மாற்றவில்லை, கொம்பியூட்டரில் அவர் திறந்து வைத்தபடியே விட்டிருந்தேன். எங்கள் கல்யாணத் தேதிதான் பாஸ்வேர்ட். அவர் எங்காவது தப்பி வந்தால், ஒரு நெட் கஃபேயில் அரை மணித்தியாலம் கிடைத்தால், முதலில் அதைத்தான் திறப்பார். திறந்தால் புது விலாசமும் புது இலக்கமும் போட்டு நான் எழுதிய கடிதம் உள்ளே கிடக்கிறது. அவர் பங்குச் சாமியாரிடம் கேட்டால் புது வீடு தெரிந்துவிடாதா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். ஒளிந்து திரிகிற மனுசன் கோயில் வாசலில் போய் நிற்பானா? கேட்கிறவர்களுக்கு மூளை எங்கே இருக்கிறதோ!

புளோறன்ஸ் மாமிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேர்னாட்டின் அழுகை போனுக்கு வெளியே கேட்டிருக்கிறது. ஏழரைக்கு மாமி பையோடு சந்தைக்குப் போய் இறால் வாங்கி வந்தார். மகனுக்கு இறால் என்றால் உயிர். குசினியில் இருந்து கோது உரித்தபடியே, "முகம் கழுவிட்டு நல்ல சட்டை ஒண்டைப் போடு கொன்ஸ்ரன்ஸ்" என்றார். நானும் போட்டேன். அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். தொலைபேசி அடிக்கும் என்று காத்திருந்தேன். அந்த நாலு மணித்தியாலமும் நெஞ்சு அடித்தது எனக்குக் கேட்டது. பொய் சொல்லவில்லை, சந்தோசமாக இருந்தேன்.

படம் திறக்காததால் பதினொன்றரைக்கு பௌஸியைக் கூப்பிட்டேன். காலி வீதியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறவர், பொறுமையான மனுசன். வந்து உட்கார்ந்து பத்து நிமிசம் அதையும் இதையும் திறந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ், இது வைரஸ். ஒஸ்வால்ட் சேர்ட மெயில் இந்த மெஷின்லயே திறந்து கிடக்குது. அவர்ட அட்ரஸ் புக்ல உள்ள எல்லாருக்கும் இங்கரிந்துதான் போயிரிக்கி. நேத்து ராவு ஏழே முக்காலுக்கு."

"இஞ்ச இருந்தா?"

"ஓம் மிஸ். இந்த மேசையிலரிந்து. நேத்து பென் டிரைவ் ஏதும் போட்டீங்களா?"

போட்டேன். காணாமல் போனவர்களின் வீட்டு ஆட்கள் நாங்கள் பதினொரு பேர், மாதத்தில் ஒரு தரம் கோயில் மண்டபத்தில் சந்திப்போம். விசாரணை ஆணைக்குழுவுக்கு எழுதுகிற மனுவின் மாதிரி ஒரே ஒரு பென் டிரைவில் இருக்கிறது. அது வீடு வீடாகப் போகும். ஒருத்தர் தன் ஆளின் பெயரையும் தேதியையும் மாற்றிப் பிரின்ட் எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். இந்த முறை இராமலெட்சுமி கொடுத்தார், அவருக்குக் காணாமல் போனது மகன். அவருக்கு யார் கொடுத்தார்களோ. பௌஸிக்கு இதைச் சொன்னதும், "அப்ப பதினொரு வூட்டிலயும் இரிக்கும்" என்றார்.

குசினியில் இறால் தாளிக்கிற மணம் வந்தது. மாமி கதவடியில் வந்து நின்று, "எங்கயிருந்து போட்டிருக்கிறானாம்?" என்று கேட்டார்.

"இஞ்ச இருந்துதான் மாமி. கொம்பியூட்டர்ல கிருமி. அது தானாக அனுப்பியிருக்கு."

மாமி உள்ளே போய் அடுப்பை நிறுத்தினார். மத்தியானம் அந்த இறாலை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மறுபடியும் விறைத்துப்போயிற்று.

பௌஸி பின்னேரம் வரை இருந்து துப்புரவு செய்தார். போகும்போது ஒரு சீ.டி. உறையின் மட்டையில் எழுதிக் கொடுத்தார்: வைரஸைத் தடுக்கிற கார்டை ஒவ்வொரு நாளும் அப்டேட் செய்வது, கிழமைக்கு ஒரு தரம் முழுதாக ஸ்கேன் பண்ணுவது, பென் டிரைவைச் செக் பண்ணாமல் திறக்காதது, வேண்டாத புரோகிராம்களை அழிப்பது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்: எல்லா பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றுவது.

"சேர்டயும்தான் மிஸ். அதைத்தான் முதல்ல. கள்ளனுங்க கைக்கு அது போயிரிக்கும்."

"மாத்தினா அவர் எப்பிடித் திறக்கிறது?"

பௌஸி வாசலில் நின்று செருப்பைப் போட்டார். கழற்றினார். திரும்பவும் போட்டார். "மாத்தாட்டி அவனுங்க மாத்துவானுங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு பேர்னாட்டுக்கு உள்ளதைச் சொன்னேன். மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "உங்கட காலிலை விழுறன் அண்ணி, மாத்துங்கோ. அவன்ட பேரிலை இன்னொரு மெயில் வந்தா எனக்கு ஏலாது" என்றான். சரி என்றேன்.

மட்டையில் உள்ளதை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். என் பாஸ்வேர்டை மாற்றினேன். இராமலெட்சுமியைக் கூப்பிட்டு பென் டிரைவைப் பற்றிச் சொன்னேன். அந்த மனுசி தன் மகனே குற்றம் செய்தது போல மன்னிப்புக் கேட்டது. வேண்டாத புரோகிராம் இருபத்தேழை அழித்தேன். மேசை, மௌஸ் எல்லாம் துடைத்தேன். ஒஸ்வால்டின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றவில்லை. வியாழன் மாற்றவில்லை, வெள்ளி மாற்றவில்லை. மாற்றுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு நாளும் வராத மனுசன் நாளைக்கு வந்து தட்டினால்? பூட்டை மாற்றிவிட்டாயா கொன்ஸ்ரன்ஸ் என்று கேட்டால் நான் என்ன முகத்தோடு நிற்பது?

சனிக்கிழமை காலை அவருடைய கணக்குக்குள்ளே போகப் பார்த்தேன். பாஸ்வேர்ட் பிழை என்று வந்தது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பிழை. இரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று பார்த்தால், ஒஸ்வால்ட் போட்டு வைத்த கேள்வியே அங்கே இல்லை. வேறு ஏதோ பாஷையில் வேறு ஏதோ கேள்வி.

பௌஸியைக் கூப்பிட்டேன். "மாத்திட்டானுங்க மிஸ்" என்றார், கோபமில்லாமல். எந்த நாட்டிலிருந்து மாற்றியது என்று பார்க்க ஏலாதா என்று கேட்டேன். ஏலாது. மெயில் கம்பனிக்கு எழுத ஏலாதா? எழுதலாம், ஒரு படிவம் இருக்கிறது. அதையும் திறந்து பார்த்தேன். கணக்கின் சொந்தக்காரர் தானே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய இடம். என் கை எழும்பவில்லை. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று தெரிந்தது, அவ்வளவுதான். புதன்கிழமை நான் மாற்றியிருந்தால், அவருக்குத் திறக்க முடியாமல் போயிருந்தாலும் அவருடைய பெட்டியாவது என்னிடம் இருந்திருக்கும்.

மாமி பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

"அவன்தான் மாத்தியிருப்பானோ கொன்ஸ்ரன்ஸ்?"

"விசர்க்கதை கதைக்காதீங்க மாமி!" என்று கத்தினேன். பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் தரம் என் குரல் உயர்ந்தது. மாமி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அறைக்குப் போனார். போனவுடன் அந்தக் கதை என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பின்னேரம் மட்டையில் உள்ளபடி ஸ்கேன் போட்டேன். முடிய ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஆபத்தானது எதுவும் இல்லை என்று வந்தது. என் மெயிலைத் திறந்து ஒஸ்வால்டின் விலாசத்தைப் போட்டேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். கள்ளன்தான் வாசிப்பான், வாசித்தாலும் அவனுக்கு விளங்காது. அது எனக்குத் தெரியும். பேர்னாட்டுக்கு இதைச் சொல்லப்போவதில்லை.

"பாஸ்வேர்டை மாத்தினது நீங்களா? நீங்களெண்டா ஒண்டும் எழுத வேணாம், பயம் எண்டா எழுத வேணாம். போன முறை மாதிரி ஒரு படம் வச்சு அனுப்புங்க. எது வந்தாலும் நான் திறப்பேன்."