வீட்டைத் தூக்கிய பளிங்குக் கை

கொத்தனார் மரியலூர்துவின் வீடு, 2021 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தெருவில் ரோடு போட்டு முடித்த கையோடு மூன்றடி உயர்ந்தது. சுவரில் விரிசல் இல்லை. அடுப்பில் இருந்த குழம்பு தளும்பவில்லை. ரோட்டிலிருந்து கீழே இறங்கிப் பழகிய அவர் முட்டி மட்டும் படியில் இடித்துக்கொண்டது.

அதற்கு முன் பதினான்கு வருஷமாக உயர்ந்ததெல்லாம் ரோடுதான். மஞ்சக்குப்பத்தை ஒட்டிய அந்தத் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் ஊற்றுவார்கள். வீடுகள் பள்ளத்தில் போய்விடும்; மழைத் தண்ணீர் யாரையும் கேட்காமல் உள்ளே வரும். ஜாக்கி வைத்து வீடு தூக்குகிறவர்கள் நாலு லட்சம் கேட்டார்கள்.

"இந்த வருஷமும் கட்டில் மேல அடுப்ப வச்சி ஆக்கச் சொன்னீங்கன்னா, செதம்பரத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன் மாமா. திரும்பல்லாம் வரமாட்டேன்," என்று அவர் மனைவி ஆரோக்கிய ராணி சொல்லிவிட்டாள். பெட்டியும் கட்டியாயிற்று.

அந்த வாரம் பழைய வெள்ளைக்காரர் பங்களா ஒன்றை இடிக்கப் போன இடத்தில், வாசல் வளைவில் அழகுக்குப் பதித்திருந்த பளிங்குக் கை கிடைத்தது. முழங்கையிலிருந்து விரல் வரை, சுண்டுவிரல் இல்லை. குழந்தை ஏசுவை ஏந்திய அந்தோணியார் கை என்று நினைத்த மரியலூர்து, உள்ளங்கை மேலே பார்க்க, தன் வாசல் சன்ஷேடுக்கு அடியில் வைத்துப் பூசினார். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ராணி பெட்டியைப் பிரித்தாள். கார்த்திகையில் தெரு முட்டளவுத் தண்ணீரில் நிற்க, அவள் தரையில் சப்பணமிட்டு மீன் ஆய்ந்தாள்.

அண்ணாமலை நகரிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். ரோமாபுரிச் சிற்பம், ஆயிரத்தெண்ணூறு வருஷம் இருக்கும், விருந்தில் குடித்துச் சாய்ந்தவனின் கை, கீழே தொங்க வேண்டும், தலைகீழாக வைத்திருக்கிறீர்கள் என்றார்.

"இருக்கட்டும் சார்," என்ற ராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கை குடிச்சிட்டு வூட்டையே தூக்குது. இவுரு கை குடிச்சா லுங்கியக்கூடத் தூக்கிக் கட்டமாட்டுது."

பக்கத்து வீட்டு சலீமா பீவி, "எங்க வூடு என்னா பாவம் பண்ணுச்சி லூர்துண்ணே?" என்று கேட்டார். இருப்பது ஒரே கை. மரியலூர்து இரண்டு வீட்டுச் சுவரையும் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு இணைத்தார். அடுத்த முறை ரோடு போட்டபோது சலீமா பீவியின் வீடும் மரியலூர்து வீட்டுக்குச் சமமாக எழுந்து நின்றது. மூன்றாம் வீட்டுக்காரர் தானே கம்பி வாங்கிக்கொண்டு வந்தார். இன்றைக்குப் பதினோரு வீடுகள்.

இப்போதெல்லாம் தார் வண்டி தெருமுனையில் நின்று ஒருதரம் ஹாரன் அடிக்கும். கரண்ட்காரர் வயரைத் தளர்த்திவிடுவார். வெளியே நிற்பவர்கள் அவரவர் வீட்டில் ஏறிக்கொள்வார்கள். பிறகு ரோடு போடுவார்கள்.