சிரிக்காமல் இறங்கிய பிணம்

இந்தக் காலத்து ஜனங்கள் எதிரே நிற்கிற ஆளை நம்புவதில்லை. கேமரா சொன்னால் நம்புகிறார்கள். படாளம் சுப்பிரமணி கார்த்திகை மாதம் செத்துப்போனதும் அப்படித்தான். செத்த அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டார். உப்பு போதவில்லை என்றும் சொன்னார்.

ஊருக்குச் சினிமாக்காரர்கள் வந்திருந்தார்கள். நிலத்துக்காக ஒரு குடும்பமே சேர்ந்து பெரியப்பனுக்கு வத்தக்குழம்பில் விஷம் வைத்துவிட்டு, பிணத்தை ஒளிக்க இடமில்லாமல் தூக்கிக்கொண்டு அலைகிற சிரிப்புப் படம். பெரியப்பனாகப் படுக்க, முகத்தில் சிரிப்பே தங்காத ஆளைத் தேடிச் சுப்பிரமணியைப் பிடித்தார்கள். பாடையில் படுத்தார், மாலை போட்டார்கள். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு: பிணமாகப் படுத்தவர் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு கழியும். டைரக்டர் ஜெயக்குமார் கைகூப்பிக் கேட்டுப் பார்த்தார்.

"பல்லைக் காட்டறதுக்கு நான் இன்னா கொரங்கா?" என்று மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுப்பிரமணி வீட்டுக்கு நடந்தார்.

போன வழியெல்லாம் அவர்மேல் பொரியும் சாமந்தி இதழும் விழுந்தன. நின்றால் அங்கேயே விழுந்தன, நடந்தால் கூடவே வந்தன. ஆடுகள் பொறுக்கித் தின்றுகொண்டே பின்தொடர்ந்தன. பிணத்துக்கு டிக்கெட் கிடையாது என்று கண்டக்டர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் கூரை ஓட்டைத் துளைக்காமலே விழுந்தன. மனைவி ஜோதிலட்சுமி காலையும் மாலையும் பெருக்கினாள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தை மாதம் மகள் பிரபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குமார் கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் மேளம் கொட்டக்கூடாது, அதுவரை தன் பிள்ளை காத்திருக்கவும் மாட்டான் என்று அவன் தாய், வேண்டா என்று பெயர், சொல்லியனுப்பினாள்.

பிரபா தகப்பனை ஸ்கூட்டியில் ஏற்றி, படப்பிடிப்பு நடந்த மாமல்லபுரம் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். அங்கே அந்தச் சினிமாக் குடும்பம் பெரியப்பன் பொம்மையைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தது. அலை திருப்பித் திருப்பிக் கொடுத்தது. ஜெயக்குமார் உடனே கேமராவைத் திருப்பினார். மகளுக்காகச் சுப்பிரமணியும் முயன்றார். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. விஷம் வைத்த மருமகளாக நடிக்கும் சம்பூர்ணம், பொம்மை காலில் தடுக்கி விழுந்து காட்டினாள். யூனிட்டே உருண்டு சிரித்தது.

"சோத்துல வெஷம் வச்சி சொந்தக்காரனைக் கொன்னுகினு, இதுல சிரிக்க இன்னா கீது?" என்றார் சுப்பிரமணி.

வெளிச்சம் போனதும் கேமராவைக் கட்டிவிட்டார்கள். பிரபா அழவில்லை. திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றத்தில் வேண்டா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"எங்க நைனா செத்துட்டாருன்றீங்க. சரி. இன்னும் எடுக்கல இல்ல? அப்பன் பொணத்து முன்னால தாலி கட்டினா வருஷம் பாக்க வேணாமே அத்தே. உங்க சொந்தத்துலயே கட்டிகினு கீறாங்க."

வேண்டா யோசித்தாள். பிணத்தைத் தை வரை வைத்திருப்பது முறையில்லை, நாளைக்கே முடித்துவிடலாம் என்றாள்.

மறுநாள் பெஞ்சு போட்டு, தலைமாட்டில் விளக்கேற்றிச் சுப்பிரமணியைப் படுக்கவைத்தார்கள். அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது என்று பேச்சு. குமார் தாலி கட்டினான். மணமக்கள் காலைத் தொட்டபோது அவர் கட்டைவிரல் மடங்கியது; யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிணத்தை எடுப்பதைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

சித்திரையில் படம் வந்தது. செங்கல்பட்டு தியேட்டரில் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து சுப்பிரமணி பார்த்தார். பக்கத்து ஸீட்காரர்கள் மடியில் விழுந்த பொரியைத் தட்டிவிட்டுக்கொண்டே வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இடைவேளையில் வேண்டா மெல்ல அவர் பக்கம் சாய்ந்தாள்.

"சம்மந்தி, நீங்க நெசமாவே செத்துட்டீங்களா, இல்லியா?"

பிரபாவின் கை தாலிக்குப் போனது. சுப்பிரமணி அதைப் பார்த்தார்.

"செத்துட்டேம்மா. நீங்களே பாத்தீங்களே."

தான் சொன்னதில் ஒரு சொல்லையும் தானே நம்பாமல் எழுந்து, மீதிப் படத்தைப் பார்க்காமல், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாகவே படாளத்தைப் பார்த்து நடந்தார்.