பின் சக்கரங்கள்

லிஃப்டில் கார் ஆள் உயரத்துக்கு ஏறி நின்றது. நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கின. டயர் கடைக்காரர் பின் சக்கரம் ஒன்றைக் கையால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சில் போன்ற ஒரு கருவியை அதன் பள்ளத்தில் வைத்து அளந்தார். அளக்க அங்கே பெரிதாகப் பள்ளம் இல்லை.

"என் தலை மாதிரி ஆயிடுச்சும்மா," என்றார். தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். கடையில் அவரை எல்லாரும் காத்து என்றுதான் கூப்பிட்டார்கள். சைக்கிளுக்குக் காற்றடித்துத் தொழிலைத் தொடங்கியதால் வந்த பெயர் என்று, கேட்காமலே சொல்லியிருந்தார்.

முன் சக்கரங்களுக்கு வந்தார். கருவி ஆழமாக இறங்கியது. நம்பாதவர்போல இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"இது ரெண்டும் நல்லா இருக்கே. எப்ப போட்டது?"

"போன வருஷம். இங்கேதான்."

"நல்லது ரெண்டையும் முன்னாடி போடச் சொன்னது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். "ஏன், முன்னாடி போட்டா என்ன?" என்று கேட்டாள்.

அவர் இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினார். அதுதான் கார்.

"ஈர ரோட்டுல முன்னாடி வழுக்கினா ஸ்டியரிங் லேசாயிடும். கைக்குத் தெரியும். காலை எடுத்தா வண்டி பிடிச்சுக்கும். பின்னாடி வழுக்கினா யாருக்கும் தெரியாதும்மா. தெரியறப்ப வண்டி வந்த வழியைப் பாத்து நிக்கும்."

பின்கை மெல்ல விலகியது. சுற்றி, முன்கைக்கு முன்னால் வந்து நின்றது.

"மெதுவா போனாலுமா?"

"டயர் இப்படி இருந்து, வளைவுல தண்ணியும் நின்னா, நாப்பதே அதிகம். எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் சரி. ஓட்டுறவன் கையில ஒண்ணும் இல்ல."

நாற்பது என்றதும் அவள் திரும்பினாள். கடையின் ஓரத்தில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காத்திருப்போருக்கான அறை. அங்கே அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மகள் நாற்காலியில் முட்டி போட்டு, அடுக்கிவைத்த டயர்களைக் கண்ணாடி வழியாக விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. எதையாவது எண்ணாமல் இருக்க மாட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன், மழையில் அவன் காரை ஓட்டிவந்த அன்றும் எண்ணிக்கொண்டுதான் வந்தாள். பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில், சாலையோரம் ஒன்பது வெள்ளைக் கற்கள். நான்கு என்று சொன்னாள். ஐந்து வரவில்லை. காரின் பின்பகுதியை யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. சாலை, மரம், தண்ணீர், மரம், சாலை. பிறகு வந்த வழியைப் பார்த்து நின்றார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த லாரி இப்போது எதிரே இருந்தது. அது நின்றது. அதன் முகப்பில் செத்து ஒட்டியிருந்த பூச்சிகளை முன்னிருக்கையில் இருந்த அவளால் பார்க்க முடிந்தது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து, மகள் தூங்கிய பிறகு, அவள் பேசினாள். பின்னாடி குழந்தை இருக்குன்னு நினைப்பே இல்லையா என்று கேட்டாள். உங்க வேகம் ஒரு நாள் எங்களை முடிச்சுடும் என்றாள். அவன் ஒரே ஒரு முறை சொன்னான்: "நாப்பதுலதான் வந்தேன்." நாப்பதுல வந்தா வண்டி சுத்துமா என்று அவள் கேட்டாள். மறுநாள் காலை கார் சாவி அவளுடைய கைப்பையின் மேல் இருந்தது.

மூன்று வாரங்களாக அவள்தான் ஓட்டுகிறாள். அவன் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். கீழே விழுந்தவர்களை, பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நிற்க வைப்பவன். பயப்படாம காலை வைங்க, நான் பிடிச்சிருக்கேன் என்று ஒரு நாளைக்கு இருபது முறை சொல்பவன். இப்போது பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறான். பஸ் போகாத இடத்தில் இருந்த இரண்டு நோயாளிகளை விட்டுவிட்டான். ஒரு நாள் அவன் நின்றிருந்த காரில் தனியாக உட்கார்ந்திருந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. சாவி அவளிடம் இருந்தது.

காத்து கணினிக்குப் போய்க் காரின் எண்ணை ஒரு விரலால் தட்டினார். அவள் பின்னாலேயே போனாள். திரையில் போன வருடத்து வேலைச் சீட்டு வந்தது. அவர் படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்தார்.

"அன்னைக்கு நான் லீவு," என்றார். "வேற ஆளு போட்டிருக்கான். கஸ்டமர் சொன்னபடி முன்னாடின்னு எழுதியிருக்கான்."

கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது. அவளுக்கு நினைவிருந்தது. முன்னாடியா பின்னாடியா என்று அந்த ஆள் கேட்டான். அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, நல்லது முன்னாடி இருக்கட்டும் என்றாள். இழுப்பது முன் சக்கரம், திருப்புவது முன் சக்கரம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவள் வேலை பார்ப்பது மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில். ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் அளவையும் காலாவதித் தேதியையும் இரண்டு முறை படித்துத்தான் வெளியே அனுப்புவாள். அங்கே நீல அட்டை போட்ட ஒரு புத்தகம் உண்டு. தவறு நடந்தால் அதில் எழுத வேண்டும். என்ன நடந்தது, யாரால், எப்படித் தெரிந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்டதா. பதினொரு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் அவள் பெயர் ஒரு முறைகூட வந்ததில்லை.

"பழசை விடுங்கம்மா," என்றார் காத்து. "இப்ப பின்னாடிக்கு ரெண்டு புதுசு போதும். முன்னாடி இருக்கறது இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். எந்த மாதிரி வேணும்னு பாருங்க."

மூன்று டயர்களை உருட்டி வந்து நிறுத்தினார். முதலாவது பெரிய பெரிய கட்டைகளாக இருந்தது. சேறு, கல் எல்லாம் ஏறும், ரோட்டில் ஊளையிடும் என்றார். இரண்டாவது கெட்டி ரப்பர், ரொம்ப நாள் உழைக்கும். மூன்றாவது மெத்தென்று இருந்தது. நீளவாக்கில் நான்கு ஆழமான கோடுகள். சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் மழையில் தண்ணீரை வாரி வெளியே தள்ளும்.

அவள் மூன்றாவதன்மேல் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. மனம் வேறு எங்கோ வேகமாக ஓடியது. பின்னால் மட்டும் போட்டால் அவன் கேட்பான். போன தடவை முன்னாடிதானே போட்டோம், இப்போது ஏன் பின்னாடி என்று. காத்து கைகளைக் கார்போல நீட்டி அவனுக்கும் காட்டுவார். நான்கும் புதிதாகப் போட்டுவிட்டால் முன்னாடி பின்னாடி என்ற பேச்சே வராது. கேள்வியே இருக்காது.

"நாலும் மாத்திடலாம்," என்றாள்.

காத்து அவளைப் பார்த்தார். "நாலா?"

"நாலு. இதே டயர். எப்ப செஞ்சதுன்னு பாத்துட்டுப் போடுங்க."

டயரின் பக்கவாட்டில் சிறிய கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தன. எத்தனையாவது வாரம், எந்த வருடம். குனிந்து படித்தாள். இரண்டு வருடம் பழையது. வேறு வேண்டும் என்றாள். காத்து உள்ளே போய் வேறு நான்கை உருட்டி வந்தார். அவற்றையும் படித்தாள். இரண்டு முறை படித்தாள். தான் இவ்வளவு கவனமாகப் படிப்பதை எண்ணி அவளுக்கு உடம்பு கூசியது.

கண்ணாடிக் கதவு திறந்தது. மகள் முன்னால் ஓடி வந்தாள். அவன் பின்னால் வந்தான்.

"அம்மா, மொத்தம் அறுபத்தி மூணு டயர். நம்மளுதச் சேத்தா அறுபத்தேழு."

"ஸ்டெப்னிய விட்டுட்டியே கண்ணு," என்றார் காத்து. "வண்டிக்கு அடியில ஒளிஞ்சிருக்கான் ஒருத்தன்."

மகள் அண்ணாந்து தேடினாள். அவன் தொங்கும் சக்கரங்களைப் பார்க்காமல், தரையில் நின்ற நான்கு புது டயர்களைப் பார்த்தான்.

"நாலு எதுக்கு?" என்றான். "முன்னாடி போன வருஷம்தானே போட்டோம்."

காற்றுப் பம்பு ஓடி நின்றது. கடை திடீரென்று அமைதியானது. அவள் காத்துவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கைகள் இரண்டும் மெல்ல எழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. அப்போது அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கைகள் அப்படியே நின்றன. பிறகு இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

"நாலும் ஒரே மாதிரி இருந்தா நிம்மதிதானே சார்," என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டார். பொய்கூட இல்லை. அதைவிட மோசம்.

"எத்தனை போட்டா என்ன," என்றான் அவன். வேடிக்கையாகச் சொல்வதுபோல் சொன்னான். "ஓட்டுறவன் சரியில்லன்னா டயர் என்ன பண்ணும்?"

காத்து அவசரமாக ஒரு நட்டைத் தேடத் தொடங்கினார். மகள் காருக்கு அடியில் ஐந்தாவது சக்கரத்தைக் கண்டுபிடித்து, "அறுபத்தெட்டு," என்றாள்.

அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். கோபம் இல்லை. அவன் அதை நம்பினான். தன் கையாலேயே மகளைக் கொன்றிருப்போம் என்று நம்பி, அதோடு சாப்பிட்டு, அதோடு தூங்கி, அதோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு போதும்," என்றாள் காத்துவிடம். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ரெண்டு போதும்ங்க. பின்னாடி போடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவனோ மகளின் கையில் ஒட்டியிருந்த கரியைத் தன் கைக்குட்டையால் துடைத்தான்.

வேலை முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. காத்து சாவியை நீட்டினார். புது ரப்பர் நூறு கிலோமீட்டர் வரை வழுவழுவென்றுதான் இருக்கும், பார்த்துப் போங்க என்றார். கழற்றிய இரண்டு டயர்களையும் எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். சாவியைக் கணவன் பக்கம் நீட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் அதற்குள் ஓட்டுபவர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுவிட்டான்.

ஊருக்கு வெளியே வந்ததும் மழை கனத்தது. வைப்பர் வேகமாக அடித்தும் கண்ணாடி தெளியவில்லை. அவள் முப்பதில் போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுடைய கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. மிதிப்பது அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு சக்கரங்கள் தண்ணீரைக் கிழிக்கும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவை பிடித்துக்கொண்டிருக்கின்றனவா விட்டுவிட்டனவா என்று எப்படித் தெரியும். தெரியாது என்றுதானே அவர் சொன்னார்.

வளைவுக்குச் சற்று முன்னால், முதல் வெள்ளைக் கல் கண்ணில் பட்டது. மகள் பின்னால் எண்ணவில்லை. அவள் நடுக் கண்ணாடியில் பார்த்தாள். மகள் கண்களை இறுக மூடி, இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். மூன்று வாரங்களாக இந்த இடத்தில் அப்படித்தான் உட்காருகிறாள் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஓட்டும்போது அவள் கண்கள் எப்போதும் சாலையில் இருந்தன.

காரை ஓரம் கட்டினாள். எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். அது டிக் டிக்கென்று அடித்தது.

"என்னாச்சு?" என்றான் அவன்.

"போன வருஷம் நல்ல டயரை முன்னாடி போடச் சொன்னது நான்தாங்க." கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. "பின்னாடிதான் போட்டிருக்கணும். அன்னைக்கு வழுக்கினது பின்னாடி. நாப்பதுல வந்தாலும் சுத்துமாம். யாரு ஓட்டியிருந்தாலும்."

அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வைப்பர் ஒரு முறை துடைத்தது. இன்னொரு முறை துடைத்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"இன்னைக்குத்தான். கடையில."

"நாலும் மாத்தலாம்னு சொன்னப்ப தெரியுமா?"

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு லாரி பக்கத்தில் கடந்துபோனது. கார் ஆடி அடங்கியது.

"தெரியும்," என்றாள்.

அவன் பெல்ட்டைக் கழற்றினான். கதவைத் திறந்தான். மழைச் சத்தம் மொத்தமாக உள்ளே வந்தது. கதவு சாத்தியதும் நின்றது.

"அப்பா எங்க போறாரு?" என்றாள் மகள். கண் திறந்திருந்தாள்.

அவள் அவன் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, காரைத் தடவியபடி பின்னால் போனான். கண்ணாடியின் விளிம்பைத் தாண்டியதும் மறைந்தான். தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். சாலை, தண்ணீர், தூரத்தில் ஒரு ஜோடி விளக்கு. நடுக் கண்ணாடியில் தெரிந்த பின்கண்ணாடி முழுக்க மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. அவன் சாலையில் நடக்கத் தொடங்கிவிட்டானா, காருக்குப் பின்னால் நிற்கிறானா என்று தெரியவில்லை. திரும்பி வந்தால் எந்தக் கதவுக்கு வருவான் என்றும் தெரியவில்லை.

மகள் பெல்ட்டை நெகிழ்த்திக்கொண்டு, பின்கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த வட்டத்தில் நெற்றியை ஒட்டிக் கீழே பார்த்தாள்.

"உக்காந்திருக்காரும்மா," என்றாள். "டயர் கோட்டுக்குள்ள விரல விட்டுப் பாக்கறாரு."

அவள் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். வைப்பர் பாதி வழியில் நின்றது. தூரத்து விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. மகள் கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுக்காமல், விரலால் எதையோ எண்ணத் தொடங்கியிருந்தாள்.