மான் தின்ற கடவுச்சொல்

கேள்வி நாற்பது. போட்டி பின்னேரம் ஆறு மணிக்கு. இப்போது மூன்றரை. கோப்பு திறக்கவில்லை.

இந்த நாலையும் கொப்பியில் எழுதி, நாலாவதின் கீழே சுலக்ஷனா ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராக விழுந்ததா என்று தலையைச் சரித்துப் பார்த்தாள். மாலை நேரக் கணினி வகுப்புக்குப் போகத் தொடங்கிய ஐந்து மாதமாக, எதைச் செய்தாலும் இலக்கம் போட்டு எழுதுவாள். பக்கத்தில் பொடி எழுத்தில் "சரியா?" என்றும் எழுதுவாள். சில பக்கங்களில் அந்த "சரியா?"க்களைத் தவிர வேறொன்றும் பெரிதாக இராது.

"என்ன பிள்ளை, திறந்திட்டுதா?" குசினிக்குள் இருந்து பெரியம்மா ஞானமலர் கேட்டார்.

"இன்னும் இல்லை, பெரியம்மா. அனுமதி மறுக்கப்பட்டதாம்."

"ஆர் மறுத்தது? என்ர வீட்டுக் கொம்பியூட்டர்!"

கோவில் திருநாளுக்கு நடக்கும் விவிலிய வினாவிடைப் போட்டிக்கு ஆறு வருஷமாகக் கேள்வி எழுதுவது ஞானமலர்தான். துறைமுகத்தில் இழுவைப்படகு எஞ்சின் பார்க்கும் அவருடைய கணவர் பேணாட், கோவிலில் ஓர்கன் வாசிக்கிற கிருஷாந்தனிடம் அதே போட்டியில் மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்குக் கேள்வி போகிறது என்று ஊர் கதைத்துவிடக் கூடாதல்லவா? அதனால் ஞானமலர் கேட்டு, போன மாதம் சுலக்ஷனாதான் அந்தக் கோப்பை மறைகுறியாக்கிப் பூட்டிக் கொடுத்தாள். பெரியம்மாவின் கணக்கில் நுழைந்தால் மட்டுமே அது திறக்கும். சாவியைப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லி அன்று திரை கேட்டது. அவள் "பிறகு" என்பதை அழுத்தினாள். அதையும் எழுதித்தான் வைத்திருந்தாள்.

"போட்டி நடக்கும்தானே?" ஹோலில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து பேணாட் கேட்டார். மூன்றாவது தரம்.

"நடந்தா என்ன, நடக்காட்டி என்ன? எப்பிடியும் தோக்கத்தானே போறியள்," என்றார் ஞானமலர்.

"இந்த முறை பாப்பம்," என்றார் பேணாட், வழக்கத்துக்கு மாறான அடக்கத்தோடு.

சுலக்ஷனா கணினியை நிறுத்தித் தொடக்கினாள். கோப்பை வேறிடத்துக்குப் பிரதி எடுக்கப் பார்த்தாள். அதற்கும் மறுப்பு. அப்போதுதான் ஞானமலருக்கு ஞாபகம் வந்தது. கேள்விகளைத் தனக்கே ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ஆனால் அதைத் திறக்கப் போனால், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் இருக்கவேண்டிய இடம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. மறந்துவிட்டீர்களா, தொலைபேசிக்கு இலக்கம் அனுப்பவா என்று திரை கேட்டது.

"அந்தப் போன் கடலுக்குள்ள கிடக்கு," என்றார் ஞானமலர். "உன்ர பெரியப்பாதான் போட்டவர்."

"தவறி விழுந்தது," என்றது பத்திரிகை.

வேறு வழியில்லை. சுலக்ஷனா வகுப்பு ஆசிரியர் இராகுலனுக்குப் போன் எடுத்தாள்.

"நேற்று என்ன செய்தனீர்?"

"பாடத்தில சொன்ன மாதிரி பெரியம்மாவின்ர பாஸ்வேர்டைப் பலமான ஒண்டா மாத்தினனான், சேர்."

"மாத்தேக்க பழையதைக் கேட்டதா?"

அவள் கொப்பியைப் புரட்டினாள். "இல்லை சேர். பெரியப்பாவின்ர கணக்கு நிர்வாகிக் கணக்கு. அதுக்குள்ள போய்ச் செய்தனான். ஒண்டும் கேக்கேல்லை. சுகமா இருந்தது."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு. "அது மாத்திறதில்லை, ரீசெட் பண்ணுறது. அப்பிடிச் செய்தா வாசல் கதவு திறக்கும். உள்ளுக்குப் பூட்டின பெட்டியளும் சேமிச்ச பாஸ்வேர்டுகளும் பழைய சொல்லைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கும். பயப்பிடாதையும். பழையதை ஒரு எழுத்தும் பிசகாமல் திரும்பப் போட்டா எல்லாம் திறக்கும். பழையது இருக்குத்தானே?"



பழையது, கணினி வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்த பதினொரு எழுத்து. அர்த்தம் கிடையாது, தலைவால் கிடையாது. அதைக் கடைக்காரர் ஒரு பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஞானமலர் அதை அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்து, ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்துத்தான் கணினியைத் திறப்பார். கடவுச்சொல்லைக் கடதாசியில் வைத்திருக்கக் கூடாது என்பது ஏழாம் பாடம். ஆகவே இன்று காலை சுலக்ஷனா அந்தச் சீட்டை நாலாக மடித்துக் குப்பைப் பைக்குள் போட்டு, பையை நகரசபை வண்டிக்காக கேற்றடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் "சரியா?" என்று எழுத இன்றைக்குத்தான் மறந்துபோனாள்.

சுலக்ஷனாவும் பெரியம்மாவும் கேற்றுக்கு ஓடினார்கள். பை கிழிந்து கிடந்தது. திருகோணமலையில் மான்கள் வீதியில் நிற்பது புதினமில்லை. இந்த மான் வாயில் பற்றுச்சீட்டோடு நின்றது.

"ஏய், துப்பு!"

"அதட்டாதீங்க பெரியம்மா, விழுங்கிப்போடும்!"

ஞானமலர் உள்ளே ஓடி ஒரு கதலி வாழைப்பழத்தோடு வந்தார். "இஞ்ச பார் ராசா, இதைத் தாறன், அதைத் தா," என்று மானிடம் பண்டமாற்றுப் பேசினார். மான் யோசித்தது. பிறகு சீட்டை விழுங்கிவிட்டுப் பழத்தையும் வாங்கிக்கொண்டது. வீதியில் எஞ்சியது ஒரு மூலைத் துண்டு. அதில் "நன்றி, மீண்டும் வருக" என்றிருந்தது.

நாலு மணி பத்து நிமிடம். ஞானமலர் கணினி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். சுலக்ஷனா பேனையோடு தயாராக நின்றாள். வகுப்புக்கே போயிருக்கக் கூடாதோ என்று யோசனை ஓடியது. தையல் வகுப்பென்றால் பிழைத்த தையலைப் பிரிக்கலாம்.

"பெரிய கே," என்றார் ஞானமலர். "சின்ன ஆர். பிறகு நாலு..."

"ரெண்டு நாலு," என்றார் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து பேணாட்.

"ஓம், ரெண்டு நாலு. பெரிய டி. ஆச்சரியக்குறி. சின்ன என்..."

"எம்! எத்தினை தரம் அடிச்சிருப்பீர், இன்னும் என் எண்டுறீர்! சின்ன எம், ஏழு, பெரிய கியூ, ஒன்பது, சின்ன வை!"

  பத்திரிகை மெதுவாக மேலே ஏறி, பேணாட்டின் முகத்தோடு நெற்றியையும் மூடியது. எஞ்சின் இலக்கங்களை நாள்முழுக்க ஒப்பிக்கிற மனுசன். பிழையாக ஒன்றைக் கேட்டால் பொறுக்க ஏலாது. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

"எழுது பிள்ளை," என்றார் ஞானமலர், கண்ணைத் திறக்காமலே.

சுலக்ஷனா எழுதினாள். பதினொன்றா என்று இரண்டு தரம் எண்ணினாள். பழைய சொல்லைத் திரும்பப் போட்டு, பெரியம்மாவின் கணக்குக்குள் நுழைந்து, கோப்பை அழுத்தினாள். நாற்பது கேள்விகளும் வந்து நின்றன. சேமித்த கடவுச்சொற்களும் ஒன்றும் நடவாதது போலத் திரும்பியிருந்தன.

"முப்பத்திரண்டாவது என்ன கேள்வி?" என்று ஞானமலர் ஹோலைப் பார்த்துக் கேட்டார்.

"நோவாவின்ர பேழை எத்தினை முழ நீளம்," என்றது பத்திரிகை, ஈனசுரத்தில். "முந்நூறு."

"கிருஷாந்தனிட்ட மூண்டு வருஷம் தோத்தவர்!"

"தோத்ததாலதான் பாத்தனான், ஞானம்."

புதிதாக நாற்பது எழுத நேரமில்லை. ஞானமலர் வேறு முடிவெடுத்தார்.

ஆறு மணிக்குக் கோவில் மண்டபத்தில் போட்டி நடந்தது. பேணாட் போட்டியாளர் வரிசையில் இல்லை. மேடையில், மனைவிக்குப் பக்கத்தில், நேரம் முடிந்ததும் மணி அடிக்கிற ஆளாக இருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய உதடு அசைந்தது. முப்பத்திரண்டாவதுக்குக் கிருஷாந்தன் ஐந்நூறு முழம் என்றபோது, நேரம் முடியவேயில்லை, பேணாட் மணியை அடி அடியென்று அடித்தார்.

கடைசி வரிசை வாங்கில் இருந்தபடி சுலக்ஷனா கொப்பியை விரித்தாள். பழைய சொல்லைக் கொடுத்துத்தான் புதியது போடவேண்டும், முதலில் சாவிப் பிரதி என்று எழுதினாள். பக்கத்தில் "சரி" என்றும் எழுதிவிட்டு, சற்று யோசித்து, ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தாள்.